காலி ஓட்டம்

சொர்ணலதாவின் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஆள் இந்த மைசூரில் ஒரே ஒருத்திதான். அவளும் மிஷின் ஓடுகிற வரைக்கும்தான் இருப்பாள்.

மற்றவர்கள் எல்லாம் கேட்டோடு சரி. பால் பாக்கெட் தொங்கும் பையில் விழுந்துவிடும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். வேலையும் வீட்டிலிருந்தேதான், பெங்களூரில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது. காலையில் ஒரு மீட்டிங். எல்லோரும் கேமராவை அணைத்துக்கொண்டு கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசுவார்கள். சொர்ணலதாவின் பங்கு பெரும்பாலும் "ஓகே" என்ற ஒரு சொல். கட்டிய புருஷன் நாலே வருஷத்தில் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனவன்; அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அவளுக்கும் விருப்பமில்லை, நமக்கும் வேண்டாம். ஹனூரில் ஒரு தம்பி இருக்கிறான். போன் செய்தால் மக்காச்சோளம், டிராக்டர், மழை என்று சொல்லிவிட்டு இரண்டாவது நிமிஷமே "அப்பறம், வேறென்னுங்க்கா?" என்பான். வேறென்ன என்று கேட்டால் வைக்கப் போகிறான் என்று அர்த்தம். இந்தக் காலத்தில் தனியாகக் கிடப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. இண்டர்நெட் ஒழுங்காக வந்தால் போதும்.

கார் இல்லாத வீட்டில் கார் நிறுத்துகிற இடம் எதற்கு என்று அதற்கு ஒரு ஷட்டர் போட்டு, உள்ளே மிஷினை வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே பலகையிலோ அக்ரிலிக்கிலோ வெட்டித் தருகிற மேசை மிஷின். பாகங்களை வரவழைத்து அவளே பூட்டியது. ஆரம்பத்தில் சாவி மாட்டுகிற பலகை, டம்ளர் வைக்கிற தட்டு என்று வெட்டித் தள்ளினாள். ஒரு வீட்டுக்கு எத்தனை சாவி இருக்கும்? யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அந்த யாராவது இல்லை. அலமாரியில் பதினெட்டுத் தட்டுகள் இருக்கின்றன, டம்ளர் என்னவோ தினமும் ஒன்றுதான்.

இந்த மாதிரி மிஷின் வைத்திருப்பவர்கள் கூடிச் சண்டை போடுகிற இடம் ஒன்று இணையத்தில் உண்டு. அங்கே ஓயாத சண்டை ஒன்றும் உண்டு. வெட்டாத நேரத்தில் மிஷினின் தலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காலியாகப் போகிறதே, அந்த ஓட்டம் வேகமாக இருந்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? ஒருவர் தன் மிஷின் எப்படிப் பறக்கிறது பார் என்று வீடியோ போடுவார். இன்னொருவர் அதை வைத்து என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணலதாவும் எழுதினாள்: "வெட்டுகிற வேகம்தான் முக்கியம். காலி ஓட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. டவுன் பஸ்ஸுக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் எதற்கு? வேகமெடுப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். தவிர, நம் வேலை முடியட்டும் என்று இங்கே யார் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?"

நிறையப் பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தாள்.

காவேரி வந்தது அதற்குப் பிறகு. வீட்டுக்கல்ல, முதலில் பஸ்ஸில். கொள்ளேகாலில் கடையை ஏறக்கட்டிய ஒரு போர்டுக்காரரிடம் அக்ரிலிக் ஷீட் வாங்கிக்கொண்டு சொர்ணலதா மைசூர் பஸ்ஸில் ஏறினாள். ஆளை விட ஷீட் அகலம். ஆதாரைக் காட்டினால் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இலவசம். கண்டக்டர் அம்மாள் ஷீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள்.

"ஆளுக்கு இலவசம், அட்டைக்குக் காசா?" என்று சொர்ணலதா தமிழில் முணுமுணுத்தாள்.

"ஆமாங்க்கா. அட்டைக்கு ஆதார் கார்டு இல்லீங்களே" என்றாள் கண்டக்டர், அவளும் தமிழில்.

காவேரி கொள்ளேகால்காரி, மைசூர் டிப்போவில் வேலை, ஜாகையும் இங்கேதான். ஷீட் எதற்கு என்று கேட்டாள். சொர்ணலதா மிஷினைப் பற்றிச் சொன்னதும் காவேரியின் முகம் பல்பு போட்டதுபோல் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தான் டியூட்டி பார்த்த பஸ்களை எல்லாம் அச்சு அசலாகக் கையளவில் செய்து வைப்பாள். கத்திரிக்கோலும் பிளேடும் வைத்து ஜன்னல் வெட்டி வெட்டிக் கட்டைவிரலில் தழும்பு. "ஜன்னலு மட்டும் நேராவே வர மாட்டேங்குதுங்க்கா" என்று டி. நரசீபுரா வரைக்கும் ஜன்னல் புராணம்தான்.

அடுத்த வார லீவு நாளில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு மத்தியானம் வருவாள். சொர்ணலதா படத்தை வரைந்து வைத்திருப்பாள். ஷீட்டை மேசையில் இறுக்கி மிஷினை ஓடவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவார்கள். ஓடுகிற மிஷினை விட்டு நகரக் கூடாது. வெட்டுகிற ஊசி ஒடிந்தாலோ துகள் சிக்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். ஆக, பேசித்தான் தீர வேண்டும். காவேரி பேசுவாள். சில்லறை தராதவர்கள், ஆதாரில் இருக்கிற முகம் வேறாக வந்து நிற்பவர்கள், பஸ்ஸுக்குள் சேவலை விட்டுவிட்டுத் துரத்தியவர்கள். பெங்களூரில் நர்ஸிங் படிக்கிற மகள் பூங்குழலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "மூணு மாசத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டறா. அதுவும் போன்ல." சொர்ணலதா அதிகம் பேசமாட்டாள், ஆனால் சிரிப்பாள். தன் சிரிப்புச் சத்தம் அந்த அறையில் கேட்பது அவளுக்கே புதிதாக இருந்தது. தமிழில் சிரிப்பு என்று தனியாக ஒன்று உண்டா என்ன? உண்டு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மிஷின் சரியான சோம்பேறி. பஸ்ஸின் ஒரு பக்கத்தில் ஆணி வரிசை என்று பொட்டுப் பொட்டாக நூற்றுக்கணக்கில் துளைகள். ஒவ்வொன்றுக்கும் தலை மேலே எழும்ப வேண்டும், நகர வேண்டும், இறங்க வேண்டும். துளை போடுவது கண் சிமிட்டுகிற நேரம், மீதியெல்லாம் காலி ஓட்டம். இணையத்தில் தான் எழுதிய தீர்ப்பு இந்த வேலைக்குப் பொருந்தாது என்று சொர்ணலதாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இப்போது ஒரு ஆள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே.

"உங்க மிஷினுக்கு எங்க டிப்போவுல வேல போட்டுக் குடுக்கலாமுங்க்கா" என்றாள் காவேரி ஒருநாள், கொட்டாவியை மறைத்தபடி. "ரிட்டயர் ஆகப் போற டிரைவருங்க இப்பிடித்தான் ஓட்டுவாங்க."

சும்மா கேலிக்குச் சொன்னது. கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ள நாலு பேரோடு பழகியிருக்க வேண்டும். சொர்ணலதாவுக்கு அந்தக் கொட்டாவி ராத்திரி வரைக்கும் கண்ணில் நின்றது. விடியற்காலையில் எழுந்து டியூட்டிக்குப் போகிறவள், தூங்க வேண்டிய லீவு நாளில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்படியே போனால் வராமல் நின்றுவிடுவாள்.

காவேரி ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் சொர்ணலதா புது மோட்டார்கள் வரவழைத்தாள். தலையைத் தூக்கி இறக்குகிற திருகுக் கம்பியை மாற்றினாள். வயர்களைக் கழற்றி மறுபடி இழுத்தாள். கம்பெனி மீட்டிங்கில் ஓகே சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ முடுக்கினாள். முதல் தடவை ஓடவிட்டபோது மிஷின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு விர்ரென்று போன வேகத்தில் அவளே ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

காவேரி வந்தாள், பார்த்தாள், கை தட்டினாள். "அய்யோ, இதென்னுங்க்கா! வோல்வோ பஸ்ஸாட்டப் போகுது!" சொர்ணலதா பெருமையாக டீ போட உள்ளே போகலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்தது. டீ ஆறுவதற்குள் மறுபக்கமும் முடிந்தது. காவேரி இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "சீக்கிரம் ஆயிருச்சு, நல்லதாப் போச்சு. அப்பிடியே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறனுங்."

சேவல் கதை இல்லை. பூங்குழலி கதை இல்லை. ஷட்டருக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போன பிறகு சொர்ணலதா எதிரில் காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமும் அதேதான். போகும்போது காவேரி இன்னொன்றும் சொன்னாள்: "இத்தன வேகத்துல ஆகுதுன்னா நான் எதுக்குங்க்கா வந்து உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டு? அளவ வாட்ஸப்புல போடறேன். வெட்டி வெச்சுருங்க, டியூட்டி முடிஞ்சு போறப்ப கேட்டுகிட்டயே வாங்கிக்கறேன்."

கேட்டுகிட்டயே. பால் பாக்கெட்டைப் போல, சிலிண்டரைப் போல. "தொந்தரவெல்லாம் இல்ல, வந்து உக்காரு" என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அந்தச் சொல் அவள் வாயில் பழகவே இல்லை. புருஷன் பெட்டியைத் தூக்கியபோதும் வராத சொல் அது. மாறாக அவள் சொன்னது: "மோட்டார் கொஞ்சம் சூடாகுது. அடுத்த வாட்டி மெதுவாத்தான் ஓட்டணும். நீ கூட இருந்தா நல்லது."

மிஷினின் திரையில் ஒரு மூலையில் மூன்று எண்கள் இருக்கும். நூறு, ஐம்பது, இருபத்தைந்து. காலி ஓட்டத்தை மட்டும் குறைக்கிற பொத்தான்கள். வெட்டுகிற வேகத்தைக் குறைத்தால் அக்ரிலிக் உருகி ஊசியோடு ஒட்டிக்கொள்ளும், திருட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடும். காலி ஓட்டத்தைக் குறைத்தால் ஷீட்டுக்கு எதுவும் தெரியாது. ஜன்னல் அதே நேர்த்தி, துளை அதே சுத்தம். தலை மட்டும் துளைக்குத் துளை நடந்து போகும். சொர்ணலதா இருபத்தைந்தை அழுத்தினாள். காவேரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேவல்காரனின் அடுத்த அத்தியாயம் ஆரம்பமானது. இப்படிச் சில வாரங்கள். தப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பசிக்கிறவன் பந்தியில் இடம் கிடைத்தால் கூச்சப்பட்டு எழுந்துவிடுவானா?

பிறகு அந்த நாள் வந்தது. காவேரி அன்று கையில் டிபன் கேரியரும் கூரை வைக்காத குட்டி பஸ்ஸுமாக வந்தாள், நிற்கக்கூட முடியாத பரபரப்பு.

"பூங்குழலி வராளுங்க்கா! சாம்ராஜ்நகர் ஆஸ்பத்திரியில டிரெயினிங் போட்டிருக்காங்களாமா. காலேஜ் வண்டி அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கு நிக்குமாம். பத்து நிமிசந்தான். போளி செஞ்சு எடுத்துட்டு வந்துருக்கறேன். கூடவே இந்த பஸ்ஸையும் குடுத்துரலாம்னு. இதுலதான் அவள மொத மொத ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போனது. கூரை மட்டும் வெட்டுனா முடிஞ்சுதுங். அஞ்சு மணிக்குள்ள ஆயிருமல்லங்க்கா?"

"ஆயிரும்" என்றாள் சொர்ணலதா.

கூரையில் துளைகள் இன்னும் அதிகம். ஓடவிட்டாள். திரையில் இருபத்தைந்து அப்படியே இருந்தது. அதை நூறாக்கியிருக்கலாம், ஆனால் சூடாகிற மோட்டாருக்கு இன்று மட்டும் என்ன காய்ச்சல் விட்டுவிட்டதா என்று காவேரி கேட்பாளே. அதோடு, இந்தக் கூரையோடு இந்த பஸ் முடிந்தது. அடுத்து எந்த பஸ் என்று காவேரி இன்னும் சொல்லவில்லை. ஆகிவிடும், எப்படியும் ஐந்துக்குள் ஆகிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். தனக்குச் சாதகமாகப் போடுகிற கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

காவேரி அன்று கதை சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், மிஷினின் தலையைப் பார்த்தாள். தலை ஒரு துளையிலிருந்து எழும்பி, அசைந்து அசைந்து அடுத்த துளைக்குப் போயிற்று.

"மோட்டார் சூடு கூடிப்போச்சுங்களா, இப்பிடி நடக்குது?" என்று எழுந்து போனாள். சொர்ணலதா தடுப்பதற்குள் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்குதுங்க்கா."

காவேரி திரைக்கு வந்தாள். இங்கிலீஷ் அவ்வளவாகப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் எல்லோருக்கும் எண்தான். "இந்த இருபத்தஞ்சு என்னுங்க்கா?"

சொர்ணலதாவின் விரல் தானாக நீண்டு நூறை அழுத்தியது. தலை விர்ரென்று பறந்தது. மிச்சக் கூரை கண்ணெதிரில் மளமளவென்று முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கக் கூடிய வேலை அது என்பது காவேரிக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. ஐந்துக்கு இன்னும் சொற்ப நேரமே இருந்தது. வண்டி நிற்கிற பத்து நிமிஷத்தைச் சேர்த்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போக அது போதாது.

"வேணும்னே வண்டிய உருட்டற டிரைவருகூட டியூட்டி பாத்தவதானுங்க்கா நானு" என்றாள் காவேரி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அவனாவது வழியில நாலு பேரு ஏறட்டும்னு உருட்டுவான். நீங்க எதுக்கு?"

"நீ போயிருவேன்னுதான்."

காவேரி அவளையே பார்த்தாள். கோபத்தில் கண் கலங்கியது.

"இருடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பனேங்க்கா. அதுக்குப் போயி…"

மீதியைச் சொல்லாமல் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸையும் கூரையையும் எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து போன் வந்தது. "வண்டி போயிருச்சுங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வரவில்லை. சொர்ணலதா கூரையை ஒட்டி பஸ்ஸை முடித்தாள். கதவு மேல் ஊர்ப் பெயரைக் கன்னடத்தில் செதுக்கினாள். நூறு வேகத்தில் எல்லாமே சட்டென்று முடிந்தது. முடிந்த பிறகு மத்தியானம் மலைபோல மிச்சம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு வாட்ஸப்பில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ஓகே என்று மட்டுமே எழுதிப் பழகிய விரல்கள். அழுகை வந்தது, அதையும் அவசரமில்லாமல் அழுதாள், பார்க்க யாருமில்லையே.

ஒரு நாள் காலை மீட்டிங்குக்கு லீவு சொல்லிவிட்டு, செய்த பஸ்ஸை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கொள்ளேகால் பஸ்கள் மூன்றை விட்டாள். நான்காவதன் படியில் காவேரி நின்று "முந்தே ஹோகி, முந்தே" என்று கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். சொர்ணலதா நடுவில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பக்கத்தில் ஒரு மூட்டைக்காரர் உட்கார்ந்தார்.

காவேரி டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தாள். முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் கை நின்றது.

"எல்லிகே?" என்றாள், முன்பின் தெரியாதவரைக் கேட்கிறாற்போல.

"கொள்ளேகால்."

"ஆதார் தோர்ஸி."

சொர்ணலதா ஆதாரை எடுத்துக் காட்டினாள். காவேரி அதிலிருந்த போட்டோவை நிதானமாகச் சரிபார்த்தாள். அவள் கையிலிருந்த டிக்கெட் மிஷின் கர்ரென்று இலவச டிக்கெட்டைத் துப்பியது. காவேரி அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

வருணா ஸ்டாப் வந்தது, போனது. பத்தடிக்கு ஒரு ஸ்டாப் என்று நிறுத்தினார்கள். பஸ் வேகமெடுப்பதும், எடுத்த வேகத்தை அடுத்த வேப்பமரத்தடியில் இறக்கி வைப்பதுமாக இருந்தது. காவேரி முன்னும் பின்னும் போனாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த பஸ் கொள்ளேகால் போய்ச் சேருகிற வரைக்கும் இப்படியேதான் என்று சொர்ணலதா நினைத்தாள். பெட்டி மடியில் கனத்தது.

நரசீபுராவில் பாதி பஸ் காலியானது. மூட்டைக்காரரும் இறங்கினார். காவேரி வந்து சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொள்ளேகால்ல என்னுங்க்கா வேல?"

"ஒரு வேலையும் இல்ல." சொர்ணலதா நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னாள். "நீ இருக்கேன்னு வந்தேன். இதே வண்டியில திரும்பிருவேன்."

சொர்ணலதா பெட்டியைத் திறந்து காட்டவில்லை. மோட்டார் பற்றியோ மன்னிப்பு பற்றியோ பேசவில்லை. அதற்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைப் பஸ் இரைச்சலுக்கு மேலே சத்தமாகச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் எங்கூட இரு, காவேரி."

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். காவேரி டிக்கெட் பையை மடிப்பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு எந்திரிக்கோணுங்க்கா."

"எந்திரி. மறுபடி வந்து உக்காரு."

"அந்தப் பெட்டிய மடியிலயே வெச்சுக்குங்க, கீழ வெச்சா ஒடஞ்சு போயிரும்" என்று சொல்லிவிட்டு காவேரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மூகூர் ஸ்டாப் வந்ததும் அவள் எழுந்து போனாள். சொர்ணலதா பக்கத்துச் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரையும் உட்காரவிடாமல் காத்திருந்தாள்.